தம்பியின் ரத்தம் வேண்டாம் என்றார் டாக்டர்

எனக்கு வந்த நோய் முதலில் ஐஸ் கட்டியாகத்தான் வந்தது.

புஜைரா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்வது என் தொழில். கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, கோழி, வெங்காயம், சோப்பு, சில நேரம் கேரம் போர்டு வரை படகில் ஏற்றிக்கொண்டு போவோம். காய்கறி வாடாமல் இருக்க வண்டியில் எப்போதும் ஐஸ் இருக்கும். அந்த ஐஸை எடுத்துக் கடித்துத் தின்ன ஆரம்பித்தேன். ஒன்று இரண்டு அல்ல, பெரிய கிளாஸ் நிறைய. வீட்டில் டிவி பார்க்கும்போதும் கடித்துக்கொண்டே இருப்பேன்.

“ஏங்க, பக்கத்துல உக்கார முடியல. எலி கொறிக்கிற மாதிரி நறுக்கு நறுக்குன்னு” என்று என் மனைவி ஜரீனா எழுந்து போய்விடுவாள்.

கோடை வெயிலில் ஒருவன் ஐஸ் தின்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ரத்தத்தில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் சிலருக்கு இப்படி ஒரு ஆசை வரும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கப்பலின் பக்கவாட்டு ஏணியில் ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்கியது. எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் குர்மீத், பஞ்சாபி, கீழே நின்று “பாய், பிரியாணி கம் கரோ!” என்று கத்துவான். நானும் அதை நம்பி பிரியாணியைக் குறைத்தேன். மூச்சு வாங்குவது குறையவில்லை.

கடைசியில் ஜரீனாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக கிளினிக்குக் கூட்டிப் போனாள். என் நகமெல்லாம் வெளுத்திருப்பதைக் கவனித்தவள் அவள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் பாதிக்குப் பாதி இல்லை. கிளினிக் டாக்டர் வேறு எதையும் பேசாமல், “இந்த வயசுல ஆம்பளைக்கு ரத்தம் கொறஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். எங்கன்னு பாத்தே ஆகணும்” என்று துபாயில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் சோதனை அது. சோதனையைவிட அதற்கு முந்தைய நாள்தான் கொடுமை. ஒரு மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் குடம் குடமாகக் குடிக்கவேண்டும். எலுமிச்சை வாசம், கடல் தண்ணீர் ருசி. அதன்பிறகு கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்கிற நடையில் என் வீட்டுத் தரையின் ஒவ்வொரு டைலும் எனக்குப் பழக்கமானது.

மயக்கம் தெளிந்தபோது ஜரீனா என் கையைப் பிடித்திருந்தாள். பிடியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வலது பக்கம், ஒரு கட்டி. அதிலிருந்துதான் தினமும் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து போயிருக்கிறது. துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, சில நாள் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். புற்றுநோய்தான்.

அன்று மாலை மலைகளுக்கு நடுவே புஜைராவுக்குத் திரும்பினோம். மசாஃபி தாண்டியதும் ஜரீனா, “பசிக்குதா?” என்று கேட்டாள். பசித்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி ஆளுக்கு ஒரு பரோட்டா தின்றோம். அவள் என் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள், சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல. எனக்குக் கண்ணீர் வந்தது அப்போதுதான்.

என் தம்பி நெய்னா சலாலாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். போன் போட்டுச் சொன்னேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். “காக்கா, ஆபரேஷன்னா ரத்தம் வேணும்ல? நமக்கு ஒரே குரூப். வேற யார்ட்டயும் கேக்காதீங்க. நான் வர்றேன்” என்றான்.

“ஏண்டா, ரத்தம் இங்கயும் கெடைக்கும்டா.”

“கண்டவன் ரத்தம் எதுக்கு? நான் இருக்கேன்ல!”

சலாலாவிலிருந்து எங்களிடம் வருவதென்றால் ஓமானை அடியிலிருந்து நுனிவரை கடக்கவேண்டும். பாலைவனத்தில் நேர்க்கோடு போட்ட மாதிரி ரோடு. விமானத்தில் வரலாம். ஆனால் அவன் வண்டியில் வந்தான், ஏனென்றால் பின்னால் இளநீர், வாழைத்தார், பப்பாளி எல்லாம் ஏற்றிவர வேண்டுமாம். ரத்தம் ஊற இது எல்லாம் தேவை என்று அவன் கடைக்கு வரும் ஒருவர் சொன்னாராம்.

எனக்கு அறுவை சிகிச்சை செய்யவிருந்தவர் டாக்டர் சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர். குள்ளமான உருவம், வேகமான நடை. நானும் ஜரீனாவும் நெய்னாவும் அவர் அறைக்குப் போனோம். நெய்னா உட்காருவதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

“டாக்டரம்மா, எப்ப எடுக்கணும்? இப்பவே எடுத்துக்கங்க.”

டாக்டர் அவன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“முதல் இருங்கோ. உங்கட அண்ணைக்கு இப்ப ரத்தம் ஏத்துற யோசனை எனக்கில்லை. இரும்புச்சத்தை ஊசியால ஏத்துவம். ரெண்டு மூண்டு கிழமையில அவற்ற உடம்பே ரத்தம் செய்யத் தொடங்கும். பிறகு ஒப்பரேஷன்.”

“கேன்சர வச்சுக்கிட்டு வாரக்கணக்கா காத்திருக்கவா?” என்று ஜரீனா கேட்டாள். அதே கேள்விதான் என் மனதிலும்.

“இந்தக் கட்டி வளர எத்தினையோ வருசம் எடுத்திருக்கும் அம்மா. ரெண்டு மூண்டு கிழமையில ஓடிப்போகாது. ஆனா ரத்தம் குறைஞ்ச ஆளை மேசையில ஏத்தினால், நான் ரத்தம் குடுக்கவேண்டி வரும். அதைத்தான் தவிர்க்கப் பாக்கிறன்.”

ரத்தம் கொடுப்பதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் காவலுக்கென்று சில வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் அடிப்பது, புற்றுநோய் அணு எங்காவது தப்பித்து ஓடினால் தேடிப் பிடிப்பது எல்லாம் அவற்றின் டூட்டி. அறுவை சிகிச்சை நடக்கும்போதே அவை களைத்துப்போகின்றன. அந்த நேரத்தில் அடுத்தவர் ரத்தம் உள்ளே போனால் உடம்பு அதை ஏற்றுக்கொள்வதற்காக இன்னும் கொஞ்சம் அடங்கிப் போகிறதாம். துறைமுகத்தில் ஒரேயடியாக நூறு பேர் தற்காலிக கேட் பாஸோடு வந்தால் செக்யூரிட்டி என்ன செய்வான்? ஒவ்வொருவரையும் சோதிக்க முடியாமல் கையை ஆட்டி உள்ளே விட்டுவிடுவான். அப்படி என்று நானே கற்பனை செய்துகொண்டேன். அதனால் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், சீழ் என்று தொற்று வருவது கொஞ்சம் கூடுதல். புற்றுநோய் திரும்பி வருவதும் அவர்களில் கூடுதலாக இருப்பதாகச் சில ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள்.

“ஆனா ஒண்டு” என்று விரலை உயர்த்தினார் டாக்டர். “ரத்தத்தாலதான் திரும்பி வருகுதோ, இல்லாட்டில் கூட வருத்தமான, நோய் முத்தின ஆக்களுக்குத்தான் ரத்தம் தேவைப்படுகுதோ எண்டு இன்னும் ஒருத்தருக்கும் உறுதியாத் தெரியாது. இப்ப வெள்ளை அணுவை வடிகட்டித்தான் ரத்தம் தாறம். அதால ஆபத்துக் குறைவு. எண்டாலும் தேவையில்லாமல் குடுக்கிறதில்லை.”

“சரி, தேவைப்பட்டா என் ரத்தந்தானே?” நெய்னா விடவில்லை.

“இல்லைத் தம்பி. உங்கடதுதான் வேண்டவே வேண்டாம்.”

அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. “ஏன்? ஒரே உம்மா வயித்துல பொறந்தவன் ரத்தம் ஆகாதா? எவனோ ஒருத்தன் ரத்தம் ஆகுமா?”

“அதுதான் காரணம். வேற ஆளின்ர அணு எண்டால் அண்ணையின்ர உடம்பு அடையாளம் கண்டு கலைச்சு அழிச்சுப்போடும். வடிகட்டின பிறகும் மிஞ்சிற உங்கட வெள்ளை அணு அவற்ற அணு மாதிரியே இருக்கும். எங்கட ஆள்தானே எண்டு உடம்பு விட்டிடும். அது உள்ளுக்க தங்கி, அண்ணையையே தாக்கத் தொடங்கினால் காப்பாத்துறது கஷ்டம். ஆக அபூர்வமாத்தான் நடக்கும். கதிர் பாய்ச்சி அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்துபோட்டுக் குடுக்கலாம். ஆனா அவ்வளவு பாடு எதுக்கு? பேர் தெரியாத ஆளின்ர ரத்தமே நல்லது.”

வெளியே வந்து லிப்ட்டுக்குக் காத்திருக்கும்போது நெய்னா சுருட்டிய கையை இன்னும் இறக்கவில்லை. “ஓமான் பூரா ஓட்டிக்கிட்டு வந்தேன் மதினி” என்று ஜரீனாவிடம் முறையிட்டான்.

“இளநி கொண்டாந்தீங்கல்ல? அது ஆகும்” என்றாள் அவள். அந்த வாரத்தில் நாங்கள் மூவரும் முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

இரும்புச்சத்து கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது. சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கியது. சில நாட்களில் ஐஸ் மேல் இருந்த ஆசை, யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் போய்விட்டது. ஜரீனா ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டைத் திறந்து பார்த்து, அது நிறைந்திருப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டாள்.

நெய்னாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காக்காவுக்கு ஆகாவிட்டால் பரவாயில்லை, ஊருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று, குர்மீத்தையும் துறைமுகத்து ஆட்கள் சிலரையும் வேனில் ஏற்றிக்கொண்டு துபாயில் ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனான். திரும்பி வந்தபோது எல்லோர் கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. எல்லோரும் ஜூஸ் பாக்கெட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நெய்னாவின் கையில் மட்டும் பஞ்சு இல்லை.

“கூட்டமா இருந்துச்சு காக்கா. நான் இன்னொரு நாள் போறேன்.”

குர்மீத்துக்கு ரகசியம் காக்கத் தெரியாது. “கூட்டம் மாஃபி பாய். இவருக்கு விரல்ல குத்திப் பாத்தாங்க. ரத்தம் கம்மின்னு அனுப்பிட்டாங்க” என்று, கூட்டமே இல்லை என்பதை அரபியும் தெரிந்த தமிழும் கலந்து போட்டு உடைத்தான்.

நெய்னா சிரித்துச் சமாளித்தான். வண்டி ஓட்டிய அலுப்பு, சரியாகச் சாப்பிடவில்லை என்று ஏதேதோ சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு வாங்கியதற்கு நானும் பிரியாணியைத்தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது ஜரீனா இதைச் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு நின்றது. “தம்பிக்கு எத்தினை வயசு? அண்ணைக்கு இந்த வருத்தம் எண்டால் தம்பியும் ஒருக்காக் குழாய் விட்டுப் பாக்கத்தான் வேணும். ரத்தமும் குறைவெண்டால் கட்டாயம் பாக்கவேணும்.”

“மொதல்ல காக்காது முடியட்டும்” என்றான் நெய்னா. அவன் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொழிலில் யாருக்கும் பயப்படாதவன். ஊசி என்றால் கையை நீட்டுவான். ஆனால் அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டதும் அவன் உள்ளுக்குள் ஒடுங்கிப்போனதை நான் பார்த்தேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை இணைத்துவிட்டார்கள். ரத்தம் ஏற்றவேண்டி வரவில்லை என்று கேட்டதும் பரீட்சையில் பாஸானவன் மாதிரி படுத்திருந்தேன்.

ஆனால் மறுநாள் காலை எழுந்து உட்கார வைத்தபோது கண் இருட்டியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. உள்ளே எங்கோ கசிந்திருக்கிறது. ரத்த அளவு மளமளவென்று இறங்கிவிட்டது. நர்ஸ் ஒரு பையைக் கொண்டுவந்து, இன்னொரு நர்ஸோடு சேர்ந்து என் பெயரையும் நம்பரையும் சரிபார்க்க ஆரம்பித்தார். சிவப்புப் பை.

“வேணாம்” என்றேன்.

நர்ஸ் புரியாமல் பார்த்தார். “எனக்கு ரத்தம் வேணாம். டாக்டர்தான் சொன்னாங்க, ஏத்துனா கேன்சர் திரும்ப வரும்னு.”

ஜரீனா கெஞ்சினாள். நெய்னா கத்தினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இத்தனை வாரம் காத்திருந்து, இரும்பு ஏற்றி, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் மேசையிலிருந்து இறங்கியதெல்லாம் இந்த ஒரு பையில் வீணாகிவிடும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அந்தப் பைக்குள் நோய்தான் மிதக்கிறது என்று தோன்றியது.

டாக்டர் சுகந்தி வந்தார். கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார்.

“நான் என்ன சொன்னனான்? தேவையில்லாமல் குடுக்கக்கூடாது எண்டு சொன்னன். தேவைக்கும் குடுக்கக்கூடாது எண்டு சொன்னனானோ?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இஞ்ச பாருங்கோ. கேன்சர் திரும்பி வாறதுக்கு முதல் நீங்கள் உயிரோட இருக்கவேணும். இப்ப உங்கட இதயம் ரத்தம் இல்லாமல் ஓடுது. அந்தப் படபடப்பை அடக்க எனக்கு வேற வழியில்லை. ஒரு பை மட்டும். பிறகு பரிசோதிச்சுப் பாத்துத்தான் மற்றது.”

“இதனால திரும்பி வராதுன்னு சொல்ல முடியுமா டாக்டர்?”

“ஏலாது” என்றார் அவர், கண்ணைப் பார்த்து. “பொய் சொல்லமாட்டன். ஆனா வரும் எண்டும் ஒருத்தராலும் சொல்லேலாது. இண்டைக்குத் தெரிஞ்ச ஆபத்துக்கு இண்டைக்கு வைத்தியம் செய்வம்.”

வராது என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் நம்பியிருக்கமாட்டேன். தெரியாது என்று சொன்னதால் நம்பினேன். கையை நீட்டினேன்.

யாரோ ஒருவரின் ரத்தம் குழாய் வழியாக இறங்கிவருவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். யாராக இருக்கும்? ஆபீசில் வேலை பார்க்கும் பிலிப்பினோ பெண்ணா, சைட்டில் கம்பி கட்டும் ஆளா, இந்த ஊர்க்காரரா? சாயங்காலத்துக்குள் உதட்டுக்கு நிறம் வந்துவிட்டது என்று ஜரீனா சொன்னாள். படபடப்பு அடங்கியது. இரண்டாவது பை தேவைப்படவில்லை. கசிவும் தானாக நின்றது.

அதன்பிறகு ஒரு நாள் காய்ச்சல் வந்தது. உடனே எனக்குக் கேட் பாஸ் கூட்டம் நினைவுக்கு வந்தது. நுரையீரலில் சளி தங்கியிருக்கிறது, சரியாக மூச்சு இழுக்காததால் என்றார்கள். மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்தார்கள். மூச்சை உறிஞ்சினால் பந்துகள் மேலே எழும்பும். நெய்னா தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு போட்டிக்கு வந்தான். வயிற்றில் தையலோடு நான் இரண்டு பந்து ஏற்றினால், அவன் மூன்றையும் ஏற்றிவிட்டு ஊர்க்கோழி மாதிரி தலையைத் தூக்குவான். அவனை ஜெயிக்கவேண்டும் என்ற வெறியிலேயே என் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அப்புறம் காற்று. குடலை வெட்டி ஒட்டினால் அது மறுபடி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் காற்றுப் பிரிவதுதான். அதுவரை சோறு கிடையாது. டாக்டர், நர்ஸ், தரை துடைக்க வருபவர் உட்பட எல்லோரும் வாசலில் தலையை நீட்டி அதையே விசாரித்தார்கள். கடைசியில் ஒரு மத்தியானம் அது நடந்தது. நெய்னா வராந்தாவுக்கு ஓடி, “கலாஸ்! காக்காவுக்கு ஆயிருச்சு!” என்று கூவினான். பிள்ளை பிறந்த வீடு மாதிரி பக்கத்து அறைகளில் இருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. ஜரீனா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெட்டி எடுத்த துண்டின் அறிக்கை வந்தது. கட்டி குடல் சுவருக்குள்ளேயே நின்றிருக்கிறது. சுற்றியிருந்த நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கவில்லை. கீமோ வேண்டாம், தவறாமல் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார் டாக்டர். நெய்னா என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, தையலை நினைத்து நின்று, ஜரீனாவின் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“சரி காக்கா, நான் கெளம்புறேன். கடை கெடக்கு.”

“உன் வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கு” என்றேன். “குழாய் விட்டுப் பாத்துட்டு சாவிய வாங்கிக்க.”

என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மதினியைச் சிபாரிசுக்குப் பிடித்தான். ஜரீனா பேசாமல் அந்த எலுமிச்சை வாசனை மருந்தைக் கலக்கி அவன் முன்னால் வைத்தாள். துபாய் சத்வாவில் அவன் தங்கியிருந்த நண்பனின் ரூமில் ஒரே ஒரு கழிவறை. அங்கே இருந்த மற்றவர்கள் அன்று பட்ட பாட்டை இன்றும் என்னிடம் புலம்புவார்கள்.

இந்த முறை நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மடியில் அவன் செருப்பும் போனும் வாட்சும். உள்ளே படுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. மயக்க ஊசி போட்டால் நோயாளிக்கு எதுவும் தெரியாது. வெளியே இருப்பவனுக்கு ஊசி கிடையாது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். ஜரீனா என் பக்கத்தில் நிதானமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். “பழகிரும்” என்றாள்.

சோதித்த டாக்டர் வெளியே வந்து படத்தைக் காட்டினார். காளான் மாதிரி ஒரு வளர்ச்சி, நல்ல பெரியது, மேலே ரத்தம் கசிந்த தடம். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் ஆகியிருக்கும். குழாயின் வழியாகவே அறுத்து எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த அறிக்கையும் அதையே சொன்னது.

மயக்கம் பாதி தெளிந்த நிலையில் நெய்னா என்னைப் பார்த்து இளித்தான். “காக்கா, ரத்தம் குடுக்கத்தானே வந்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

கீழக்கரையில் இருக்கும் உம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அன்று சாயங்காலம் வீடியோ காலில் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“ஒனக்கு ஏத்துனது யாரு ரத்தம் வாப்பா?”

“தெரியாது உம்மா. பேரெல்லாம் சொல்லமாட்டாங்க.”

“பேரு தெரியாட்டி என்ன, துஆவுக்குப் பேரா கேக்குறான் அல்லா? ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். அந்தப் புள்ள எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்.”

நெய்னா போனைப் பிடுங்கினான். “உம்மா, அந்த ஆளுக்கு மட்டுந்தான் துஆவா? ஓமான் பூரா வண்டி ஓட்டிக்கிட்டு வந்த எனக்கு ஒண்ணும் கெடையாதா?”

“எங்கிட்ட சொல்லாம இவ்வளவும் பண்ணிட்டு ஒனக்கு துஆ வேற வேணுமா?” என்றார் உம்மா. “ஊருக்கு வா. ரெண்டு பேருக்கும் இருக்கு.”